வலை முடிச்சுப் போட்ட செருப்பு

கோயில் வாசலில் என் புதுச்செருப்பு காணாமல் போனபோது எனக்குக் கவலை வரவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோசம்தான் வந்தது. அறுபத்து மூன்று பாகம் நாடகம் பார்த்துப் பழகிய மூளைக்குக் கடைசியில் ஒரு வழக்குக் கிடைத்திருந்தது.

வெளிநாட்டு நாடகம், தமிழில் பேசுவார்கள். கொலை நடந்த வீட்டுக்கு ஒரு மனநல டொக்டர் வருவாள். மேசையில் பாதி கடித்த பாண் துண்டைப் பார்ப்பாள். "கொலைகாரனுக்கு நாற்பது வயது, இடதுகைக்காரன், தாயோடு கோபம்" என்பாள். கடைசியில் பிடிபடுகிறவன் இடது கையால்தான் முகத்தை மூடுவான்! நான் முப்பது வருடம் கணக்கு ரீச்சர். யார் யாரைப் பார்த்து எழுதினான் என்று விடைத்தாளிலேயே பிடித்தவள். இந்த வித்தை என் இரத்தத்தில் இருக்கிறது என்று முதல் பாகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

என் வீட்டிலும் ரிவி இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் என் மனுசன் பஞ்சலிங்கம் இருக்கிறார். அதனால் பின்னேரம் நாலு மணிக்கு முன்வீட்டு மகாதேவியிடம் போய்விடுவேன். "மருமகன்தான்!" என்று நான் கத்துவேன். "விசரி, தோட்டக்காரன்!" என்று அவள் என்னைப் பைத்தியக்காரி ஆக்கிக் கத்துவாள். அந்த வெள்ளிக்கிழமை கடைசிப் பாகம். ஐந்து பேரைக் கொன்றது யார் என்று அன்றுதான் தெரியவரும்.

அன்று காலை கோயிலில் ஐயரோடு கதைத்துவிட்டுக் கடைசியாக வெளியே வந்தேன். வாசலில் ஒரு கிழட்டுச் சோடிதான் மிச்சம் கிடந்தது. தடயத்தில் கால் வைக்கலாமா? தடியால் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு, பதினொரு மணித் தார் றோட்டில் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி நடந்தேன். மானிப்பாய்ச் சந்தி தாண்டுவதற்குள் ஆளைப் பிடித்துவிட்டேன். இடது குதி தேய்ந்திருக்கிறது, ஆகவே முழங்கால் நோக்காரி. வார் அறுந்து தைத்திருக்கிறது, ஆகவே கையிறுக்கம். நேற்று என் புதுச்செருப்பைப் பார்த்து "நல்ல வடிவு" என்று மூன்று தரம் சொன்னவள். பூசை முடிய முதலே கோயிலிலிருந்து போனவள்.

மகாதேவி!

அவளுடைய படலையில் நின்று எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன்ரை செருப்பை எடுக்க எனக்கென்ன விசரே? இனி நாடகம் பாக்கிறன் எண்டு இந்தப் பக்கம் வராதை."

படலை சாத்தப்பட்டது. ஐயோ, கடைசிப் பாகம்! ஆனால் ஒரு நிமிடம் போகவில்லை, படலைக்கு மேலால் தலை தெரிந்தது. அவளும் அறுபத்து மூன்று பாகம் பார்த்தவள்தானே.

"அந்தச் செருப்பை இஞ்சாலை காட்டு."

காட்டினேன். பார்த்தவுடன் அவளுடைய வாய் ஒரு பக்கம் கோணியது. பிறகு டொக்டரைப் போலக் கண்ணைச் சுருக்கினாள்.

"முன்பக்கமும் தேஞ்சிருக்கு. யோசிக்க முதல் ஓடுற ஆள்."

"ஓம், ஓம்! அவசரக் குடுக்கை!"

"இடப்பக்கம் பாரம். எப்பவும் இடத்தோளிலை பை. வாயும் கொஞ்சம் நீளமா இருக்கும்."

"செருப்பிலை வாய் எப்பிடியடி தெரியும்?"

"எனக்குத் தெரியுது. இந்தத் தையலைப் பார். நைலோன் வலை நூல், வலை முடிச்சு. இந்த ஒழுங்கையிலை எல்லாரும் தோட்டம் செய்யிற சனம். வலை முடிச்சுப் போடத் தெரிஞ்ச ஆள் ஆர்?"

"என்ரை மனுசன்!" என்றேன் பெருமையாக. "மயிலிட்டிக் கடற்கரையிலை பிறந்தவரெல்லே!"

சொன்ன வாய் மூடவில்லை. என் மனுசன் எவளோ ஒருத்தியின் செருப்பைத் தைத்துக் கொடுத்திருக்கிறார்! மகாதேவி ஏதோ சொல்ல வந்தாள். கேட்க எனக்கு ஏது பொறுமை?

அவர் கதிரையில் சாய்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பை மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"ஆரின்ரை இது? உண்மையைச் சொல்லுங்கோ!"

"உம்மடைதானப்பா. மார்கழியிலை வார் அறுந்து போச்செண்டு நான்தானே தைச்சுத் தந்தனான்."

"அப்ப என்ரை புதுச்செருப்பு?"

"ராத்திரி வாசல்லை விட்டிட்டீர். நாய் கடிச்சிடுமெண்டு அலுமாரிக்குள்ளை வைச்சனான்."

அலுமாரியைத் திறந்தேன். பெட்டிக்குள் சோடியாகச் சிரித்துக்கொண்டிருந்தது. பழையதில் காலை விட்டேன், அளவாக ஏறிக்கொண்டது. காலையில் அவசரத்தில் மாட்டியதும் அதைத்தான். தான் நாள்தோறும் போடுகிற செருப்பை யார்தான் குனிந்து பார்க்கிறார்கள்?

வெட்கத்தில் மத்தியானம் சோறு இறங்கவில்லை. நாலு மணிக்கு, பாவம், அவரே எழும்பினார். "இண்டைக்கு இதிலை இருந்து பாரும்" என்று ரிமோட்டைக் கையில் தந்தார். கலியாணம் முடித்து இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவை. நாடகம் தொடங்கியது. ஐந்தாவது நிமிடம் எனக்குப் பிடிபட்டுவிட்டது.

"சித்தப்பன்தான்!" என்று கத்தினேன்.

"ஆரின்ரை சித்தப்பன்?" என்றார் அவர்.

அவ்வளவுதான். விசரி என்று சொல்ல ஆள் இல்லாமல் கொலைகாரனைக் கண்டுபிடித்து என்ன பிரயோசனம்? இத்தனை நாளும் நான் பார்க்கப் போனது டொக்டரை இல்லை. எழும்பி, பழஞ்செருப்போடு ஒழுங்கையைக் கடந்து ஓடினேன்.

படலை கொளுவியிருக்கவில்லை. உள்ளே மகாதேவி ரிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்து ஸ்ரூலில் இரண்டு கோப்பை தேத்தண்ணி. ஒன்றை அவள் பாதி குடித்திருந்தாள். மற்றதில் ஆடை கட்டியிருந்தது. எடுத்து ஒரு வாய் குடித்தேன். சீனி இல்லை. எனக்கு நீரிழிவு, சீனி வருத்தம்.

டொக்டர் இல்லாமலே, இதை ஊற்றி வைத்த ஆளைச் சொல்லிவிட்டேன். ஐம்பத்தைந்து வயது, முழங்கால் நோ, கோபம் எப்போதோ போய்விட்டது. நான் வருவேன் என்று நாடகம் தொடங்க முதலே தெரிந்தவள்.

"மகாதேவி, செருப்பு என்ரைதான்."

"நீ பைக்குள்ளையிருந்து எடுக்கேக்கையே தெரியும். இரு."

இருந்தேன்.

"சித்தப்பன்தான்," என்றேன் மெல்ல.

"விசரி," என்றாள்.