நாற்பது பெட்டிப் புழு

கணவன் இறந்து மூன்றாவது வாரம், ஏரிக்கரைக் கடைக்குப் போனவள் பூட்டு மாறியிருப்பதைக் கண்டாள். தூண்டிலும் நரம்பும் முள்ளும் விற்கிற கடை. ஆனால் ஆட்களைத் தேடி வரவைத்தது அவள் வைத்திருந்த மண்புழுதான். முள்ளில் கோத்தபிறகும் நெளியும். தூண்டில்காரர்கள் அவளைப் 'புழுக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள்.

கொழுந்தன் உள்ளேயிருந்து வந்தான். கடையைத் தன் பேருக்கு மாற்றியாகிவிட்டது என்றான். பதினோரு வருஷ உழைப்பு என்று அவள் வாயெடுத்ததும், கரையில் நின்றவர்கள் காதில் விழும்படி கேட்டான்.

"மண்ணைக் கிளறுறதெல்லாம் ஒரு உழைப்பா அண்ணி? அந்தப் புழு என்ன, உங்களை நம்பியா உயிரோட இருந்துச்சு?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் திரும்பி வந்துவிட்டாள். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வாடகை அறையில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் இருந்தது. காய்கறி வைக்கும் கீழ்த்தட்டைக் காலி செய்தாள். பக்கத்து மாட்டுக் கொட்டிலின் எருக்குழியில் புழு தோண்டி வந்து, மூடியில் ஓட்டை போட்ட டப்பாக்களில் விட்டாள். செய்தித்தாளைக் கிழித்து நனைத்து, சொட்டு நீர் இல்லாமல் பிழிந்து பரப்பினாள். தினமும் காலையில் டப்பாவைக் கவிழ்த்துச் செத்ததைப் பொறுக்கினாள். ஒன்று அழுகினால் கூடவே பத்துப் போகும். விரல் தன் பாட்டுக்கு வேலை செய்யும், மனசு மட்டும் கொழுந்தனைக் கறுவிக்கொண்டே இருக்கும்.

அந்த மழைக்காலம் முடிந்ததும் ஏரியில் பெரிய தூண்டில் போட்டி வந்தது. போட்டிக்கு வருகிற அத்தனை பேருக்கும் இரை தன் கடையிலிருந்துதான் என்று கொழுந்தன் போட்டி நடத்தும் சங்கத்தாரிடம் வாக்குக் கொடுத்திருந்தான். நாற்பது பெட்டிப் புழுவும் வாங்கியாயிற்று. அதற்கு முன் வாங்கியதெல்லாம் மூன்று நாளில் செத்துப்போயிருந்ததால், இந்த முறை முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு அவள் அறைக்கே வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நம்ம குடும்ப மானம் என்றான், அண்ணன் ஆத்மா என்றான்.

அவள் தேநீர் கொடுத்தாள். குளிர்ச்சியான இடம், வெயில் படக்கூடாது, காகிதம் போடணும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாம் நிஜம்.

"ஈரம் எவ்வளவு இருக்கணும் அண்ணி?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "தாராளமா ஊத்து தம்பி. பெட்டிக்குக் காலையில ஒரு சொம்பு, சாயந்தரம் ஒரு சொம்பு. மூடியை மட்டும் திறந்து திறந்து பார்க்காதே, பயந்துக்கும்."

அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். அவளுக்கு அன்று நல்ல பசி எடுத்தது.

போட்டியன்று விடிந்ததும் கடைக்கு எதிரே மேசை போட்டு, ஃபிரிட்ஜ் முழுக்கச் சேர்த்திருந்த டப்பாக்களை அடுக்கி உட்கார்ந்தாள். கொழுந்தன் கடைமுன் வரிசை நீண்டிருந்தது. கொழுந்தன் முதல் பெட்டியைத் திறந்தான். முன்னால் நின்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார். இரண்டாவதிலும் சேறுதான், மூன்றாவதிலும் சேறுதான். சங்கத் தலைவர் எல்லார் முன்னாலும் அவனைக் கேட்கக்கூடாததெல்லாம் கேட்டார். வரிசை அப்படியே தெருவைக் கடந்து புழுக்காவிடம் வந்தது. டப்பாக்கள் காலியாகக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை.

கடைசியில் கொழுந்தனே வந்து நின்றான். "தெரிஞ்சேதானே சொன்னீங்க?"

"ஆமா," என்றாள். "தெரிஞ்சேதான்."

அவன் அவளுடைய காலி டப்பாக்களையும் தன் கடையையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் நிதானமாக அனுபவித்தாள். அடுத்த வருஷத்து இரையும் அவளே தரவேண்டும் என்று சங்கத் தலைவர் சொல்லிவிட்டுப் போனது அவனுக்கும் கேட்டிருக்கும்.

வீட்டுக்குத் திரும்பும்போது கடை ஓரத்தில் நாற்பது பெட்டியும் கவிழ்ந்து கொட்டிக் கிடந்தன. வெளுத்து ஊதிய குவியல். அவள் குனிந்து குச்சியால் கிளறிப் பார்த்தாள், ஒன்றாவது அசைகிறதா என்று. எதுவும் அசையவில்லை. இதுகள் என்ன பாவம் செய்தன என்று ஒரு கணம் தோன்றியது. கொழுந்தனைப் பற்றி அப்படித் தோன்றவில்லை. குச்சியை எறிந்துவிட்டு, எருக்குழிக்குப் போகும் வழியில் நடந்தாள்.