உப்புச் சீட்டு

காலையில் தொட்டியில் இறக்கிய நானூறு கிலோ துணியும் இளநீலமாக வந்திருக்க வேண்டும். வந்ததோ திட்டுத் திட்டாகக் கருநீலம். வெளியே எடுத்த மறு நிமிடமே சாய மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது, உப்பு ஏறிவிட்டது என்று. ஏற்றியது யார் என்பதும் தெரியும். அவரேதான்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பட்டறையில் சாயம் போடுகிற மனுஷர். துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். எந்த நிறத்துக்கு எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அதுவே வினையாகப் போயிற்று. முன்பெல்லாம் புதுத் தண்ணீரில் சாயம் போட்டு, வேலை முடிந்ததும் பின்பக்கத்து ஓடையில் திறந்துவிடுவார்கள். ஓடை ஒருநாள் சிவப்பாக ஓடும், மறுநாள் பச்சையாக ஓடும். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. துணி வாங்குகிறவர்கள் போட்ட நிபந்தனையால் எட்டு மாதமாக ஓடைக்கு ஒரு சொட்டும் போகக் கூடாது. எல்லாத் தண்ணீரும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்த் திரும்பத் தொட்டிக்கே வருகிறது. சாயம் நீங்கிவிடும், உப்பில் ஒரு பங்கு தங்கிவிடும். அந்த மிச்சத்தைக் கழித்துக்கொண்டுதான் புது உப்புப் போட வேண்டும்.

மிச்சம் எவ்வளவு என்று தினமும் அளந்து, ஒரு சீட்டில் எழுதி அனுப்புவது அந்த நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள். பட்டறையில் எல்லோருக்கும் அவள் தண்ணிக்காரம்மா. மாஸ்டருக்கு மட்டும் வீட்டுக்காரி.

சீட்டு வந்தால் மாஸ்டர் அதை மடித்தபடியே சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கட்டிய பெண்டாட்டி உப்புக் கணக்குச் சொல்லி நான் சாயம் போடுவதா என்கிற வீறாப்பு பாதி, அலுப்பு பாதி. எட்டு மாதமாகத் தண்ணீரை நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தே ஒப்பேற்றிவந்தார். நேற்று இரண்டு ஷிப்டு பார்த்த களைப்பில் இன்று அதைக்கூடச் செய்யவில்லை. கை பழைய அளவையே அள்ளிப் போட்டுவிட்டது.

மதியம் முதலாளி இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் கெட்டுப்போன துணி கிடந்தது. சுத்திகரிப்பு மோட்டார் தின்கிற மின்சாரத்தை நினைத்து எட்டு மாதமாகப் பொருமிக்கொண்டிருந்தவருக்கு இன்று வாகாக ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது.

"மாஸ்டர், உங்க மேல தப்பே இல்ல. இத்தன வருஷத்துல ஒரு லாட்டு கெட்டதுண்டா? இந்தப் பழைய தண்ணிதான் காலை வாருது. நாளையிலேருந்து புதுத் தண்ணி. மிச்சம் வழக்கம்போல ஓடைக்குப் போகட்டும். சுத்தமான பட்டறைன்னு வாசல்ல பச்சை இலை போட்ட போர்டு இருக்கே, வாங்க வர்றவங்களுக்கு அது போதும்." பிறகு தண்ணிக்காரம்மா பக்கம் திரும்பினார். "நீங்க வேற எடத்துல வேலை பாத்துக்குங்கம்மா."

காலையில் எழுதிய எண் அவளுக்கு மனப்பாடம். சீட்டு இந்நேரம் எங்கே இருக்கும் என்பதும் தெரியும். இருந்தாலும் முதலாளி முன்னால் புருஷனைக் காட்டிக்கொடுக்க மனசு வராமல் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

மாஸ்டருக்கு எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. சும்மா நின்றாலே போதும், வேலையும் தப்பும், பேரும் தப்பும். அவளுடைய வேலைதான் போகும். நினைக்கவே வெட்கம் பிடுங்கித் தின்றது. பைக்குள் கைவிட்டுச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"தண்ணி மேல குத்தமில்லீங்க. எவ்வளவு உப்பு இருக்குன்னு காலையிலேயே எழுதி அனுப்பிட்டா. நான்தான் பாக்கல."

முதலாளியின் முகம் சுருங்கியது. "இத யாரு கேட்டா மாஸ்டர்? உங்களத்தான் நான் ஒண்ணும் சொல்லலையே?"

"ஒரு தொட்டி போட்டுப் பாத்துடலாங்க. அதுவும் கெட்டா நீங்க சொன்னபடியே செய்ங்க."

போட்டார்கள். சீட்டைப் பார்த்து அவளே உப்பை நிறுத்துக் கொடுத்தாள். இளநீலம் இளநீலமாகவே வந்தது. முதலாளி துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"சரி, மோட்டார் ஓடட்டும்," என்றார் வேண்டா வெறுப்பாக. "ஆனா இனிமே உப்பு ரூம் சாவி அந்தம்மாகிட்ட இருக்கட்டும் மாஸ்டர்."

தொட்டியருகே நின்ற வேலையாட்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். மாஸ்டர் இடுப்பில் தொங்கிய சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

சாயங்காலம் இருவரும் நடந்து வீட்டுக்குப் போனார்கள். அவள் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். இரண்டு தெரு தாண்டியதும் அவரே கேட்டார்.

"கோவமா?"

"அதுக்கெல்லாம் யாருக்குத் தெம்பிருக்கு?" என்றாள். கொஞ்ச தூரம் போய், "எட்டு மாசத்துல ஒரு சீட்டாவது பிரிச்சுப் பாத்திருக்கீங்களா?"

பொய் சொல்லக்கூட அவரால் முடியவில்லை. "இல்ல."

"ஒருநாள் கணக்குக்குக் கீழ எழுதியிருந்தேன். காய்ச்சல் அடிக்குது, நிக்க முடியல, ஒரு எட்டு வந்துட்டுப் போங்கன்னு. சாயங்காலம் வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன்."

மாஸ்டர் நின்றுவிட்டார். "எப்ப?"

"மழைக்காலத்துல. அப்புறம் தானா சரியாப் போச்சு. நடங்க, வீட்டுல போட்டது போட்டபடி கெடக்கு."