நாளை இரண்டு பத்துக்கு வரும் வலி

"நோட்டை நான் எடுத்துக்கிட்டேங்க, நேரா அங்கேயே..."

"எடுக்காதே! பையிலயே இருக்கட்டும், நான் வரும்போது..."

"நீங்க கொண்டு வர்ற லட்சணம் எனக்குத் தெரியாதா? போன தடவை..."

"போன தடவைக் கதையை இப்ப எதுக்கு இழுக்கிறே? வைன்னா வை!"

"கதவைத் திறந்து வாங்கிக்கோங்க. தர்றேன்."

அங்கேதான் இடித்தது. கதவைத் திறக்கிற நிலையில் அவர் இல்லை. காலை ஆறரையிலிருந்து ஏழு வரை அந்தக் குளியலறை அவருக்கு லாக்கப். வயிறு ஜாமீன் கொடுத்தால்தான் வெளியே வரலாம். கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி, அவளுக்குப் பின்னால் தோளில் துண்டோடு மகள்.

"அப்பா, எனக்கு எட்டரைக்குப் பரீட்சை."

"அஞ்சு நிமிஷம்மா."

"நேத்தும் அஞ்சு நிமிஷம்னுதான் சொன்னீங்க. நான் பல்லை மட்டும் விளக்கிட்டுப் போனேன்."

"சும்மா இருடி. மனுஷன் ஆசைப்பட்டா உள்ளே உக்காந்திருக்கார்?" மகளை அடக்கிவிட்டு மனைவி மறுபடி கதவுக்கு வாயை வைத்தாள். "என்னங்க, நாலரைக்கு டாக்டர். நான் லாண்டரியிலேருந்து நேரா வந்துடறேன். சாப்பாட்டுப் பை வாசல்ல இருக்கு. பூசணிக்காய்தான். திறந்ததும் மூஞ்சியைச் சுளிக்காதீங்க."

"அந்த நோட்டு..."

வாசல் கதவு சாத்துகிற சத்தம்தான் பதிலாக வந்தது. வயிற்றில் புளியைக் கரைப்பது என்று சொல்வார்களே, அவருக்கு ஏற்கெனவே கரைந்துகொண்டிருந்ததில் இது இன்னொரு உருண்டை.

அவர் டவர் கிரேன் ஓட்டுபவர். பதினெட்டு மாடி உயரத்தில், ஓர் ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடுகிற கண்ணாடிக் கூண்டுக்குள் அவருக்கு வேலை. கட்டடத்தில் எல்லாரும் அவரை 'மேல்மாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பியோ கான்கிரீட்டோ பலகையோ, மேல்மாடி கையை அசைத்தால்தான் கீழே ஒரு துரும்பு நகரும். பதினாறு வருஷமாக அந்த உயரம் அவருக்கு வீட்டைவிடப் பழக்கம். அங்கே ஓர் இருக்கை உண்டு, மின்விசிறி உண்டு, கீழே பேசக் கையடக்க ரேடியோ உண்டு. கழிப்பறை மட்டும் கிடையாது. அதற்கு ஏணி வழியாக இறங்க வேண்டும். இறங்க ஒன்பது நிமிஷம், திரும்ப ஏறப் பன்னிரண்டு. அதுவரை கீழே கான்கிரீட் லாரிகள் வரிசையில் நின்று வயிற்றைச் சுழற்றிக்கொண்டிருக்கும்.

வயிற்றுக் கோளாறு ஆரம்பித்து எட்டு மாதமாகிறது. குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தத்தை இழுத்தார்கள், டப்பாவில் கொண்டு வரச் சொன்னதையும் கொண்டுபோய்க் கொடுத்தார். எல்லாக் காகிதத்திலும் 'நார்மல்' என்று வந்தது. "உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்க" என்று முதலில் பார்த்த டாக்டர் கை குலுக்கி அனுப்பினார். அந்த ஒன்றுமில்லாதது ஒரு வாரத்தில் இரண்டு தடவை வேலை நடுவில் அவரைக் கீழே இறக்கிவிட்டது. சைட் இன்ஜினியர் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலை. "மூணாவது தடவை இறங்கினா கீழேயே இருந்துடுங்க. வேற ஆளை ஏத்திக்கிறேன்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே மேல்மாடி தனக்குத்தானே வைத்தியம் கண்டுபிடித்துக்கொண்டார். உள்ளே போனால்தானே வெளியே வரும்? காலையில் ஒரு மிடறு வெந்நீர். அதோடு சரி, சாயங்காலம் வீடு திரும்பும்வரை பச்சைத் தண்ணீர்கூட அளந்துதான். ராத்திரி மட்டும் நாலு ஆள் சாப்பாட்டை ஒரே ஆளாக உள்ளே தள்ளினார்.

இது வீட்டுக்குத் தெரியாது. இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மாவுக்கும் தெரியாது. அந்த அம்மாள் பொறுமைசாலி. "என்னென்ன சாப்பிடுறீங்க, எத்தனை மணிக்கு, அதுக்கப்புறம் வயிறு என்ன பண்ணுது, எல்லாத்தையும் நீங்களே உங்க கைப்பட எழுதுங்க. நோட்டைப் பார்த்து ஒவ்வொண்ணா நிறுத்திப் பார்க்கலாம்" என்றார். சாப்பிடாதவர் என்ன எழுதுவார்? சாப்பிட்டதாக எழுதினார். பையில் இருந்ததைப் பார்த்து, பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பாடு, இரண்டு பத்துக்கு வலி என்று எழுதினார். அவர் எழுதினதை நம்பி டாக்டரம்மா பாலை நிறுத்தினார், அடுத்து முட்டை, அதற்கடுத்து கோதுமை, கடைசியில் வெங்காயம். மனைவி லாண்டரியில் துணிக்குச் சீட்டுக் கட்டுகிறவள். எண் மாறினால் ஊரார் சட்டை ஊரார் வீட்டுக்குப் போய்விடும் என்பதால் எழுத்தில் இருப்பதை அவள் வேதமாக எடுத்துக்கொள்வாள். தனித்தனியாகச் சமைக்க நேரமில்லாமல் மூன்று வாரமாக மொத்த வீடும் வெங்காயத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

இதிலும் மேல்மாடி ஒரு கோணல் செய்திருந்தார். கிரேனில் தினமும் காலையில் கம்பி, பிரேக், கொக்கி எல்லாம் சரியா என்று ஒரு தாளில் டிக் அடிக்க வேண்டும். எந்த ஆபரேட்டரும் தினமும் அடிப்பதில்லை. திங்கட்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் அடித்து வைத்துவிடுவார்கள். அந்தக் கைப்பழக்கம் சாப்பாட்டு நோட்டுக்கும் வந்துவிட்டது. இன்றைக்குப் புதன். நோட்டில் ஞாயிறு வரை எழுதியாகிவிட்டது. அந்த நோட்டுதான் இப்போது மனைவியின் கைப்பையில் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

பதினொன்றரைக்கு, கான்கிரீட் நிரம்பிய வாளி பன்னிரண்டாவது மாடிக்கு நேராக அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது வயிறு பிசைய ஆரம்பித்தது. வெறும் வயிறுதான். உள்ளே ஒரு பருக்கை இல்லை. இருந்தாலும் யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல் இடுப்பிலிருந்து முறுக்கியது. நெற்றியில் வேர்வை அரும்பியது. எழுந்திருக்க முடியாது. பாரம் தொங்கும்போது கிரேன்காரன் இருக்கையை விட்டு எழுந்தான் என்றால் அது கொலைக்குச் சமம்.

"மேல்மாடி, மேல்மாடி, தூங்கிட்டீங்களா? ஒரு சாண் இடது பக்கம்." ரேடியோவில் மச்சான். மனைவியின் அண்ணன்தான் கீழே சிக்னல் சொல்கிறவர்.

"இருங்க மச்சான்."

"இருங்கன்னா கான்கிரீட் இருக்குமா? இறுகிடும் மாப்ளே."

"இருங்கன்னு சொல்றேன்ல!"

மச்சானுக்குக் குரலிலேயே விஷயம் புரிந்துவிட்டது. "மூச்சை மெதுவா விடுங்க. நான் இவங்களைப் பார்த்துக்கறேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் யாரிடமோ, "காத்து தள்ளுதுப்பா, அதான் நிக்குது" என்று உரக்கப் புளுகினார். இலைகூட ஆடாத நாள் அது.

பற்களைக் கடித்துக்கொண்டு எண்ணினார். எண்பதில் கொஞ்சம் தளர்ந்தது. வாளியை இறக்கிவிட்டு நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்தார். கீழே தெரு முழுக்கச் சிற்றெறும்பு மாதிரி மனிதர்கள், நினைத்த நேரத்தில் நினைத்த கதவைத் திறந்துகொண்டு போகிறவர்கள்.

பன்னிரண்டே முக்காலுக்கு வழக்கம்போல் கொக்கியைக் கூண்டருகே இழுத்து, சாப்பாட்டுப் பையை அதில் மாட்டிக் கீழே மச்சானுக்கு விட்டார். நாலு டன் தூக்குகிற கொக்கி, ஒரு துணிப்பையைச் சுமந்துகொண்டு மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி மெதுவாக இறங்கியது.

"இன்னைக்கும் பூசணிக்காயா? மாப்ளே, எனக்கே பூசணிக்காய் நிறம் வந்துடுச்சு. பேன்ட் பொத்தான் போட முடியல."

"சாப்பிடுங்க. மீந்து போய் வீட்டுக்குப் போனா வம்பு."

"என் தங்கச்சிக்குத் தெரிஞ்சுதுன்னா, உங்களை விட்டுடுவா. என்னைத்தான் துவைச்சுப் பிழிஞ்சு கொடியில காயப்போடுவா."

"மச்சான், ஒரு உதவி. அவளுக்கு ஒரு போன் போடுங்க. நோட்டு அவகிட்ட இருக்கு. எதையாவது சொல்லி வாங்கி வச்சுக்கோங்க."

ரேடியோவில் மெல்லுகிற சத்தம் நின்றது. "மாட்டேன் மாப்ளே. சோத்தைச் சாப்பிட்டேன், அதுவே நெஞ்சுல நிக்குது. இதுக்கு மேல பொய்யும் சாப்பிட முடியாது."

நாலே முக்காலுக்கு அவர் கிளினிக் படியேறினார். காத்திருக்கும் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் மனைவி, மடியில் கைப்பை, கைப்பைக்கு மேல் நோட்டு. மூடித்தான் இருந்தது.

"கொஞ்சம் குடு. நேத்து ஒண்ணு எழுத விட்டுப்போச்சு."

"இப்பதான் நம்பர் கூப்பிட்டாங்க. உள்ளே போய் வாயால சொல்லிக்கலாம், எழுந்திருங்க."

"ஒரு நிமிஷம்டி..."

"ஒரு நிமிஷம், அஞ்சு நிமிஷம்! வீட்டுலதான் அப்படின்னா இங்கேயுமா?" முழங்கையைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மாவின் அறை சின்னது. மேஜை, எடை பார்க்கும் இயந்திரம், மூன்று நாற்காலி. அவருக்குக் கிடைத்த நாற்காலி சுவரோரம். எழுந்து வெளியே போக வேண்டுமென்றால் மனைவியின் முழங்காலைத் தாண்டித்தான் போகவேண்டும்.

"இவ்வளவு ஒழுங்கா எழுதுற பேஷன்ட்டை நான் பார்த்ததில்லை" என்று டாக்டரம்மா பக்கங்களைத் தள்ளினார். "பன்னிரண்டே முக்கால், ரெண்டு பத்து. பன்னிரண்டே முக்கால், ரெண்டு பத்து. கடிகாரமே தோத்துடும் போலிருக்கே."

"அவர் வேலையிலயும் அப்படித்தான் டாக்டர். கறார்" என்றாள் மனைவி. குரலில் பெருமை.

டாக்டரம்மாவின் விரல் நின்றது. மேஜைக் காலண்டரைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார். "இன்னைக்குப் புதன்தானே?"

"புதன்தான்."

நோட்டை மனைவியின் பக்கம் திருப்பி வைத்தார். அவள் குனிந்து பார்த்தாள். சீட்டு எண் பார்க்கிற கண், ஒரு வரியும் தப்பாது.

"வியாழன். பன்னிரண்டே முக்கால், சோறு, சுரைக்காய், முழுவதும் சாப்பிட்டேன். இரண்டு பத்து, வலி." வாய்விட்டுத்தான் படித்தாள். "என்னங்க, நாளைக்கு ரெண்டு பத்துக்கு உங்களுக்கு வயிறு வலிக்கப் போகுதா?"

அவர் எடை இயந்திரத்தைப் பார்த்தார்.

"வெள்ளி, வலி குறைவு. சனி, வாயு. ஞாயிறு, நல்லா இருக்கு." நிமிர்ந்தாள். "ஞாயிறு நல்லா இருக்குமாம், டாக்டர். ஒரு கவலை விட்டுது."

"எழுதி வச்சா நேரம் மிச்சம்னு..." என்று அவர் இழுத்தார்.

"நாளைக்குச் சுரைக்காய்னு எப்படித் தெரியும்? நானே இன்னும் முடிவு பண்ணல."

"வீட்டுல கிடந்ததைப் பார்த்தேன்."

"அப்ப, போன வாரம் எழுதினது? போன மாசம்?" சத்தம் ஏறவில்லை. இறங்கிக்கொண்டே வந்தது. அதுதான் பயமாக இருந்தது. "மத்தியானம் நீங்க என்னதான் சாப்பிடுறீங்க?"

கதவு அடைத்திருந்தது. ஜன்னலே இல்லை. அவர் சொன்னார். மூன்று மாதமாக ஒன்றும் சாப்பிடுவதில்லை, ஏன் சாப்பிடுவதில்லை, கொக்கி, பை, மச்சான் எல்லாம் சொன்னார்.

"எங்க அண்ணனா?" என்றாள் மனைவி. "அதான் கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி ஆயிடுச்சா? தைராய்டு பாருண்ணேன்னு நான் கவலைப்பட்டுக்கிட்டு இருக்கேன்!"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பேனாவைக் கீழே வைத்தார். "இதைக் கேளுங்க. பகல் முழுக்கக் காயப்போட்டு ராத்திரி மொத்தமா அடைச்சா, நல்ல வயிறே சண்டை போடும். உங்களுக்கு எது ஒத்துக்கல, எது ஒத்துக்குதுன்னு எனக்கு இன்னைக்கு வரை ஒரு எழவும் தெரியாது. இந்த நோட்டை வச்சு நான் நிறுத்தினது எல்லாம் சும்மா. முதல்லேருந்து ஆரம்பிக்கணும். நேரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமா, மூணு வேளை. ஆறு வாரம். வயிறு கூப்பிட்டா உடனே போகணும்."

"மேல இருந்துக்கிட்டு அது முடியாது."

"அப்ப ஆறு வாரம் கீழே வேலை குடுக்கச் சொல்லி லெட்டர் எழுதித் தர்றேன்."

"வேணாம் டாக்டர்." அது கெஞ்சலாகத்தான் வந்தது. "இந்தக் கிரேன்ல எனக்கு முன்னாடி இருந்தவரையும் முதுகு வலின்னு ஆறு வாரம்தான் இறக்கினாங்க. இன்னைக்கு கேட்டுல நின்னு லாரி நம்பர் எழுதுறார். ஒரு தடவை இறங்கிட்டா அந்த ஏணியில திரும்ப நம்மளை ஏத்த மாட்டாங்க. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

"லெட்டர் இல்லாம இப்படியே இருந்தா, ஒரு நாள் மேலேயே மயங்கி விழுவீங்க. கொக்கியில பாரம் தொங்கும்போது விழுந்தா?"

பதினொன்றரை மணி வாளி அவர் கண்முன் ஆடியது. அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

வெளியே அடுத்த நம்பர்காரர் கதவைத் தட்டினார். டாக்டரம்மா "ஒரு நிமிஷம்" என்று குரல் கொடுத்துவிட்டு, பெயர் அச்சடித்த தாள் ஒன்றைக் கிழித்து முன்னால் வைத்துக்கொண்டார். எழுதவில்லை. கணவனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

மனைவி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். அவள் முழங்கால் அவர் முழங்காலில் இடித்தது. நகர இடமில்லை.

"பாலை நிறுத்தினேன், முட்டையை நிறுத்தினேன், வெங்காயம் வரைக்கும் நிறுத்தியாச்சு. நிறுத்திப் பார்க்காதது இன்னும் ஒண்ணே ஒண்ணுதாங்க பாக்கி. அந்த ஏணி ஏறுறதை நீங்களா நிறுத்துறீங்களா, இல்லை டாக்டரம்மா எழுதட்டுமா?"