மடிப்பில் பார்த்த மருந்து

ஓட்டலின் கீழ்த்தளத்தில் இருக்கும் லாண்டரியில் அம்மாவும் நானும் கறை எடுக்கும் மேசையில் வேலை செய்கிறோம். சட்டையில் மை, விரிப்பில் காபி, தலையணை உறையில் உதட்டுச் சாயம் என்று எல்லாம் முதலில் எங்களிடம்தான் வரும்.

மேலே ரிசப்ஷனில் ஓர் இடம் காலியானது. அதற்கான படிப்பு என்னிடம் இருந்தது. மேனேஜர் முதலில் சான்றிதழைப் பார்த்தார், பிறகு என் கன்னத்தைப் பார்த்தார்.

"படிப்பெல்லாம் சரிம்மா. முகம் கொஞ்சம் தெளியட்டும். மாசக் கடைசியில வா, பாக்கலாம்."

பரு வருவது எப்போதோ நின்றுவிட்டது. அது இருந்த இடங்களில் கருமை மட்டும், இரண்டு கன்னத்திலும் தாடை வரைக்கும் தங்கிவிட்டது.

தோல் டாக்டரம்மா ராத்திரிக்கு ஒரு களிம்பும் பகலுக்கு சன்ஸ்கிரீனும் எழுதிக் கொடுத்தார். கிள்ளக் கூடாது, தேய்க்கக் கூடாது என்றார்.

"மாசக் கடைசிக்குள்ள போயிடுமா டாக்டர்?"

"கொஞ்சம் மங்கும். முழுசா மங்க பல மாசம் ஆகும்மா. அவசரப்பட்டா கூடத்தான் செய்யும்."

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. மறுநாள் மேசையில் வேலைக்கு நடுவே சொன்னாள்: "கறையைக் காயவிட்டா கல்லு மாதிரி உக்காந்துக்கும். இந்தம்மா என்னடான்னா சும்மா விடுங்கிறாங்க!"

"அது துணிம்மா."

பக்கத்தில் இஸ்திரி போடும் அண்ணன் சிரித்தார். "பாத்துக்கா, பொண்ணைத் தூக்கி மெஷின்ல போட்டுடப் போற."

நாங்களும் சிரித்தோம்.

களிம்பு வேலை செய்யாமல் இல்லை. ஓரங்கள் லேசாக வெளுத்திருந்தன. ஆனால் அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. தேதி நெருங்கியது. கடைசி வாரம் அம்மா வெள்ளை விரிப்புகளுக்குப் போடும் வெளுப்பு மருந்தில் கொஞ்சம் தண்ணீர் கலந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மருந்தானாலும் முதலில் துணியின் உள்மடிப்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்போம். சாயம் போகவில்லை என்றால்தான் கறையில் வைப்போம். அம்மா என் மேல்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு வைத்தாள். துணிக்கு எவ்வளவு நேரம் பார்ப்போமோ அவ்வளவு நேரம் பார்த்தோம்.

"பாரு, ஒண்ணும் ஆகல."

அவள் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நான்தான் முகத்தை நீட்டினேன்.

பஞ்சால் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றினாள், கறை பரவாமல் இருக்க எப்போதும் ஒற்றுவது போலவே.

"எரியுதும்மா."

"எடுக்குதுன்னு அர்த்தம். பொறுத்துக்கடி, என் ராசாத்தி."

காலையில் ஒவ்வொரு புள்ளியிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. கையைத் திருப்பிப் பார்த்தேன். அந்த ஒரு சொட்டு விழுந்த இடமும் சிவந்துதான் இருந்தது. துணிக்குப் போதும் நேரம் தோலுக்குப் போதவில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"புண் ஆறினதும் முன்னைவிடக் கறுக்கும்மா. இது ஆழம். சில இடத்துல முழுசா போகும்னு என்னால சொல்ல முடியாது."

"என் தோலை எடுத்து வைக்க முடியுமாங்க?" என்று அம்மா கேட்டாள்.

அவர் மருந்து எழுதிக் கொடுத்தார்.

மாசக் கடைசியில் நான் மேலே போகவில்லை. புண் ஆறி, அவர் சொன்னபடியே கறுத்தது. ரிசப்ஷனில் வேறொரு பெண் சேர்ந்த பிறகு ஒருநாள் மேனேஜரே கீழே வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, துவைத்த துணியை அடுக்கி நான் மாடிக்குத் தள்ளிப் போகும் வண்டியைப் பார்த்தபடி பேசினார்.

"இனிமே வண்டியை லாபி வழியா கொண்டு வர வேணாம்மா. பின்பக்க லிஃப்ட்ல போ. விருந்தாளிங்க இருக்கிற இடம், புரியுதில்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "சரிங்க சார், அப்படியே செய்றோம்" என்றாள். அவர் போன பிறகும் அவள் என் பக்கம் திரும்பவில்லை. நான் வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனேன்.