ஐம்பத்துநாலில் ஒரு மேடு

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரிக் கருத்தரங்குக்குக் கிளம்பும்போது, பேசி முடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு மம்சாபுரத்தில் வீடு சேர்ந்துவிடலாம் என்றுதான் சிவரஞ்சனி நினைத்திருந்தாள். இயந்திரப் பொறியியலில் அண்மைக்கால ஆராய்ச்சிகள் என்பது தலைப்பு. பேச வேண்டிய ஐந்து பேரில் அவள் மூன்றாவது ஆள்.

இயந்திரம் கெட்டுப்போவதற்கு முன்பே அதைக் கண்டுபிடித்துச் சொல்வது அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் அதைச் செய்துகொண்டிருந்தாள். நூல் அறாமல் ஓட வேண்டுமானால் ஆலைக்குள் காற்று ஈரமாக இருக்க வேண்டும். அந்த ஈரக்காற்றைத் தள்ள, ஃபேன் ரூமில் ஆள் உயரத்தைவிடப் பெரிய இரண்டு விசிறிகள் சுற்றின. இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை, எட்டெட்டு இறக்கைகள் கொண்டவை. ஒன்றின் பேரிங் மேல் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சென்சாரை ஒட்டி, அதிர்வைப் பதிவு செய்து, கம்ப்யூட்டருக்குள் அந்த விசிறிக்கு ஒரு பிரதியை உண்டாக்கியிருந்தாள். டிஜிட்டல் ட்வின் என்று அதற்குப் பெயர். நிஜ விசிறியும் பிரதியும் ஒரே மாதிரி அதிர்ந்தால் திரையில் பச்சை எரியும், வேறுபட்டால் சிவப்பு. சூத்திரம், கணக்கு எதுவும் வேண்டாம். நல்ல விசிறி எப்படி ஓடும் என்று ஆறு வாரம் காட்டினால் போதும். மிச்சத்தை அதுவே கற்றுக்கொள்ளும்.

அந்த ஆறு வாரத்தையும் அவள் போன ஆடியில் ஒன்றாம் விசிறியில் பதிவு செய்தாள். அதன் பக்கத்தில்தான் பிளக் பாயின்ட் இருந்தது.

அன்றிலிருந்து ஒன்றாம் விசிறி பச்சையாகவே இருந்தது. மாசியில் ஒருமுறையும் சித்திரையில் ஒருமுறையும் சென்சாரை இரண்டாம் விசிறிக்கு மாற்றி ஒட்டியபோது அது சிவப்பு காட்டியது. இரண்டு முறையும் ஆலையை நிறுத்தி, கழற்றிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. மேனேஜர் வைகுண்டராஜுக்கு முகம் கடுத்துப்போனது. சிவரஞ்சனி மட்டும் அசரவில்லை. கண்ணுக்குப் புலப்படாத தொடக்கநிலைப் பழுது என்று கட்டுரையில் எழுதினாள். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று அதை வெளியிட்டும் விட்டது.

மேடையில் அவள் அந்த வரைபடத்தைத் திரையில் போட்டாள். ஒன்றாம் விசிறியில் இரண்டு மேடுகள். நொடிக்கு அறுபத்தொரு அதிர்வு வரும் இடத்தில் பெரிதாக ஒன்று, ஐம்பத்துநாலில் சின்னதாக ஒன்று. இரண்டாம் விசிறியில் பெரிய மேடு மட்டும் இருந்தது.

"இந்தச் சின்ன மேடு காணாமப் போனதுதான் பழுதோட முதல் அறிகுறி" என்றாள். சிலர் குறித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் வரிசையில் இருந்து பிரிஸ்கில்லா எழுந்தார். அந்தக் கல்லூரியிலேயே பதினைந்து வருடமாகப் பாடம் நடத்துகிறவர்.

"எட்டு பிளேடும் ஒரே அச்சுல வார்த்ததுதானம்மா?"

"ஆமா மேடம்."

"அப்ப எட்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான ஆடணும்? அந்த ஐம்பத்துநாலு யாரோடது?"

"அது அந்த மெஷினோட கையெழுத்து மேடம். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒண்ணு இருக்கும்." இதைப் பல மேடைகளில் சொல்லியிருந்தாள். நன்றாக எடுபடும் பதில்.

"சரி. டிராயிங்க வச்சிக் கணக்குப் போட்டா எம்புட்டு வருது?"

சிவரஞ்சனி தயங்கினாள். "மாடலுக்கு அது தேவைப்படல மேடம்."

"இப்பப் போட்டுப் பாரேன். அஞ்சு நிமிசந்தான ஆகும்?"

கேட்டவர் முகத்தில் கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சிவரஞ்சனி சாக்பீஸை எடுத்தாள். இறக்கையின் நீளம், கனம், அலுமினியத்தின் விறைப்பு எல்லாம் மனப்பாடம். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் போடுகிற கணக்குதான். கடைசி வரியில் அறுபத்திரண்டு வந்தது.

அறுபத்தொன்றுக்குப் பக்கத்தில். சரிதானே என்று திரும்பப் போனவள் அப்படியே நின்றாள்.

விறைப்பாக இருக்கிற இறக்கை வேகமாக அதிரும். விறைப்பு குறைந்தால் அதிர்வும் குறையும். அடியில் வெடிப்பு விட்டால்தான் விறைப்பு அப்படிக் குறையும். ஏழு இறக்கைகள் அறுபத்தொன்றில் ஆடுகின்றன; ஒன்று மட்டும் ஐம்பத்துநாலில் ஆடுகிறது. நல்ல விசிறி என்று எதை அவள் கம்ப்யூட்டருக்குக் காட்டினாளோ அதுவே வெடிப்பு விட்ட விசிறி. வெடிப்பை ஆரோக்கியம் என்று அது கற்றுக்கொண்டது. பிறகு, வெடிக்காத விசிறியைப் பார்த்துச் சிவப்பு காட்டியது.

சாக்பீஸை மேசையில் போட்டுவிட்டு மைக்கை எடுத்தாள்.

"மேடம்" என்றாள். "தப்பு பண்ணிட்டேன். அந்த ஃபேன் இப்ப ஓடிக்கிட்டிருக்கு."

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று நாற்பது. பன்னிரண்டரைக்கு ஆலையில் சாப்பாட்டு இடைவேளை. ஃபேன் ரூம் தகரக் கதவின் இடுக்கு வழியாகக் குளிர்ந்த காற்று கசியும் என்பதால், நூல் முறுக்கும் ரிங் ஃப்ரேமில் வேலை பார்க்கும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அதன் வெளிப்பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சிவரஞ்சனியும் அங்கே அவர்களோடு எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறாள். இறக்கை பிய்த்துக்கொண்டு பறந்தால் அந்தத் தகரம் தாங்காது.

லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே ஓடிவந்து ஆலைக்குப் போன் போட்டாள். மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் பாண்டிச்செல்வத்தின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் எல்லோருடைய போனும் வாசல் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். வைகுண்டராஜ் முதல் மணியிலேயே துண்டித்தார். மறுபடி போட்டாள். மறுபடியும் துண்டித்தார்.

பிரிஸ்கில்லா கையில் மூன்று டப்பாக்களோடு ஆய்வுக்கூடத்திலிருந்து வேகமாக வந்தார். வெடிப்பைக் காட்டிக்கொடுக்கும் சிவப்பு மை, அதைத் துடைக்கிற திரவம், மேலே அடிக்கிற வெள்ளைப் பூச்சு. "வண்டியில ஏறு" என்றார்.

சிவரஞ்சனி ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து டப்பாக்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முன்னால் போன ஒவ்வொரு பேருந்தும் நின்று ஆள் ஏற்றும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள். ராஜபாளையத்துக்குள் நுழைந்து ஆலை வாசலில் இறங்கியபோது மணி பன்னிரண்டு இருபது.

வைகுண்டராஜ் தன் அறையில் இருந்தார். நடந்ததை அவள் மூச்சுவாங்கச் சொல்லி முடித்ததும் நாற்காலியில் சாய்ந்தார்.

"ஏம்மா, ரெண்டாம் ஃபேன் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு தடவ மில்ல நிறுத்த வச்ச. ஒண்ணும் இல்ல. இப்ப ஒண்ணாம் ஃபேனா? இந்த வெயில்ல காத்த நிறுத்தினா நூலு அம்புட்டும் அறும், தெரியும்ல?"

"தெரியும் சார். நான் சொன்னது தலைகீழாப் போச்சு சார். நல்லதக் கெட்டதுன்னு சொல்லிட்டேன், கெட்டத நல்லதுன்னு சொல்லிட்டேன்."

"அதயும் உன் கம்ப்யூட்டர்தான் சொல்லுதா?"

"இல்ல சார். கைக்கணக்கு."

கதவோரம் வந்து நின்ற பாண்டிச்செல்வம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, எதையும் இரண்டு தடவை யோசிக்கிற மனுஷர். அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். அவள் டப்பாக்களை இன்னும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"சார், நான் நிறுத்துதேன். தப்பாப் போனா எம்மேல எழுதுங்க" என்றபடி திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

சுவிட்சை அணைத்த பிறகும் விசிறி உடனே நிற்கவில்லை. அந்தக் கனத்துக்கு அது நிதானமாக, மனசில்லாமல் அடங்கியது. தகரக் கதவுக்கு அந்தப் பக்கம் தூக்குச்சட்டிகள் திறக்கும் சத்தம். இடைவேளை மணி அடித்திருந்தது.

"ஏ பாண்டியண்ணே, காத்து ஏன் நின்னுபோச்சு? சோத்துல கை வைக்கும்போதுதான் உமக்கு வேல வருமா?" அது கருத்தம்மா. அந்த ஷிஃப்டிலேயே மூத்தவள்.

"எல்லாரும் எந்திரிச்சு சைக்கிள் ஷெட்டுக்குப் போங்கத்தா. செத்த நேரந்தான்" என்றார் பாண்டிச்செல்வம். முனகிக்கொண்டே எழுந்து போனார்கள்.

இறக்கைகள் மேல் கிரீஸும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருந்தது. வழித்துத் துடைத்தார்கள். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வைகுண்டராஜ் கைகளைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பிரிஸ்கில்லா ஒவ்வொரு இறக்கையின் அடியிலும் சிவப்பு மையை அடித்தார். வெடிப்பு இருந்தால் மை உள்ளே இறங்க வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் காத்திருந்தார்கள். பிறகு துடைத்துவிட்டு வெள்ளைப் பூச்சு அடித்தார். வெடிப்புக்குள் இறங்கிய மை மட்டும் வெள்ளையில் ஊறி வெளியே வரும்.

முதல் இறக்கை வெள்ளையாகவே இருந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, அத்தனையும் வெள்ளை. சிவரஞ்சனி இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள். இதுவும் தப்போ? ஐந்தாவதும் வெள்ளை.

ஆறாவதில் முதலில் ஒரு புள்ளி வந்தது. ஊசியால் குத்திய ரத்தப் பொட்டு மாதிரி. பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டும் சேர்ந்து கோடாகி, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறக்கையின் அடியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் நோக்கிச் சிவப்பாக நீண்டுகொண்டே போனது. கோடு நான்கு விரல் அகலத்தைத் தாண்டியபோது வைகுண்டராஜ் கட்டிய கையை அவிழ்த்தார்.

"கழத்திருவோம்" என்று ஸ்பேனரை எடுத்தார் பாண்டிச்செல்வம்.

நான்கு போல்ட்டுகளையும் தளர்த்தினார். இறக்கையைத் தூக்கி எடுக்க நுனியைப் பிடித்து லேசாக நிமிர்த்தினார். பெரிய பலம் ஒன்றும் கொடுக்கவில்லை. 'டக்'கென்று ஒரு சத்தம். இறக்கை அவர் கையோடு வந்துவிட்டது. அடிக்கட்டை மட்டும் விசிறியிலேயே நின்றது.

அவர் அதைக் குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அசையாமல் நின்றார். வைகுண்டராஜ் அந்தக் கிரீஸ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சிவரஞ்சனி குனிந்து உடைந்த முகத்தைப் பார்த்தாள். அலை வந்து வடிந்த மணலைப் போல அதில் வரிவரியாகக் கோடுகள். முக்கால்வாசி இடம் கிரீஸ் ஏறிக் கறுத்துக் கிடந்தது. அது பழைய வெடிப்பு. ஓரத்தில் ஒரு கட்டைவிரல் அகலம் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது. அந்தக் கட்டைவிரல் அகலத்தில்தான் இன்று காலை வரை இறக்கை தொங்கிக்கொண்டு சுற்றியிருக்கிறது.

அங்கேயே லேப்டாப்பைத் திறந்தாள். போன ஆடியில் முதல் நாள் எடுத்த பதிவில் அந்தச் சின்ன மேடு ஐம்பத்தெட்டில் இருந்தது. வாராவாரம் நூலிழை நூலிழையாக நகர்ந்து ஐம்பத்துநாலுக்கு வந்திருந்தது. வெடிப்பு வளர்ந்த கதை முழுவதும் அதில் இருந்தது. அவளுடைய புரோகிராமோ, பச்சை எரிந்த பதிவுகளை வைத்து, வாரத்துக்கு ஒருமுறை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். அந்த நகர்வையும் சரி என்றே வாராவாரம் கற்றுக்கொண்டது. தானே திருத்திக்கொள்வதுதான் அதன் சிறப்பு என்று கட்டுரையில் அவள் தனியாக ஒரு பத்தி எழுதியிருந்தாள்.

"பத்து மாசமாப் பச்சைன்னு காட்டுச்சே" என்றார் வைகுண்டராஜ் தரையிலிருந்தபடி.

"நான்தான் சார் காட்டினேன்."

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. செட்டியார்பட்டியிலும் தளவாய்புரத்திலும் இரண்டு சின்ன ஆலைகளுக்குப் போன மாதம் இதே புரோகிராமைக் கொடுத்திருந்தாள். இரண்டு இடத்துக்கும் உடனே போன் செய்தாள். செட்டியார்பட்டிக்காரர் சிரித்தார்.

"அது போட்ட நாள்ல இருந்து செவப்புதாம்மா காட்டுது. நாங்க மதிக்கதே இல்ல."

தளவாய்புரத்திலும் அதே கதைதான். மறுநாள் பிரிஸ்கில்லாவோடு இரண்டு இடத்துக்கும் போய் மை அடித்துப் பார்த்தாள். வெடிப்பு எதுவும் இல்லை. அதனால்தான் சிவப்பு.

நடந்ததைத் தன் ஆராய்ச்சி வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போனில் சொன்னாள். அவர் சொன்னார்: "பழைய கட்டுரைய யாரும் தோண்டப் போறதில்ல. பட்டம் வாங்கிரு. பொறவு இதையே புதுசா எழுதிக்கலாம்."

"சார், அதப் படிச்சிட்டு வேற யாராவது எங்கயாவது இதே மாதிரி மாட்டியிருந்தா?"

அன்று சாயங்காலமே சிவரஞ்சனி ஆய்விதழுக்கு எழுதினாள். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகவும், முடிவு தலைகீழானது என்றும், உடைந்த இறக்கையின் படத்தோடு எழுதினாள். பட்டம் ஒன்றரை வருடம் தள்ளிப்போனது.

புது இறக்கைகள் மாட்டி ஒன்றாம் விசிறி ஓடத் தொடங்கிய அன்று அவள் ஆலைக்குப் போனாள். பெண்கள் சைக்கிள் ஷெட்டில் வெக்கையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கருத்தம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"நீதான் கண்டுபிடிச்சியாமே தாயி. இல்லாட்டா எங்க தலையில வந்து விழுந்திருக்கும்னு பாண்டியண்ணே சொன்னாவ. நல்லா இருப்ப."

சிவரஞ்சனி கையை உருவிக்கொண்டாள். "இல்லக்கா. பத்து மாசமா அது நல்லா இருக்குன்னு சொன்னதும் நான்தான். நல்ல றெக்கை எது, வெடிச்சது எதுன்னு பாக்காம சொல்லிட்டேன்."

கருத்தம்மா புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் அவள் முகம் மாறியது. "அப்ப இம்புட்டு நாளும் நாங்க அதுக்குப் பக்கத்துலதான்..." என்று ஃபேன் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் சாப்பாட்டில் வைத்த கையை எடுக்காமல் பார்த்தார்கள்.

ஷிஃப்ட் மணி அடித்தது. கருத்தம்மா தூக்குச்சட்டியை மூடினாள். இரண்டடி போய்விட்டுத் திரும்பினாள்.

"இனிமே ஏதாச்சும் சந்தேகம்னா மொதல்ல எங்கள எந்திரிச்சுப் போகச் சொல்லு. பொறவு கணக்குப் போடு."

"சரிக்கா" என்றாள் சிவரஞ்சனி.