மேலிடத்துப் பதில்

செவ்வாய், மார்ச் 11

இன்று கண்ணாடிக் கடை வேலையில் ஒரு தவறு செய்தேன். தையல்காரர் ஒருவரின் வலது கண்ணுக்கான லென்ஸை பிரேமின் இடது பக்க அளவுக்கு வெட்டிவிட்டேன். பவர் எழுதிய சீட்டு கண்முன்னேதான் இருந்தது. கை இயந்திரத்தில், மனம் பிரார்த்தனையில். வேலை நேரத்தில் கடவுளிடம் பேசக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. இரண்டையும் ஒருசேரச் செய்கிற திறமை எனக்கில்லை, அவ்வளவுதான். பாவம், தையல்காரர் இன்னொரு நாளும் ஊசியில் நூல் கோர்க்க யாரையாவது கூப்பிட வேண்டும்.

முதலாளி வேறு ஊரில் கிளை திறக்கிறார். அங்கே லென்ஸ் வெட்டும் அறையை நீ பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டுப் பல நாளாகிறது. பிரார்த்தனை செய்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பக்தியுள்ள நல்ல பையன் என்று அவர் என் தோளில் தட்டினார். அன்றிலிருந்து காலையும் மாலையும் கேட்கிறேன். முறையாகத்தான்: முதலில் நன்றி, பிறகு கேள்வி, பிறகு சும்மா இருப்பது. சும்மா இருக்கும்போது மின்விசிறிச் சத்தம்தான் கேட்கிறது. ஒருநாள், நான் வேலை முடிந்து போகும் மாலை வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் வராவிட்டால் புதுக் கிளைக்குப் போகலாம் என்று அடையாளம் வைத்துக்கொண்டேன். அவர் வரவில்லை. அவருக்குக் காய்ச்சல், அதெல்லாம் கணக்கில் சேராது என்று தள்ளிவிட்டேன்.

அம்மா போகத்தான் சொல்கிறாள். சாப்பாடு போடும்போதெல்லாம், இப்படி ஒரு வாய்ப்புக்கு எத்தனை பேர் தவம் கிடக்கிறார்கள் என்பாள். அவளுக்கும் அதே பதில்: கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு மேல் அவளால் வாய் திறக்க முடியாது.

பக்கத்து இயந்திரத்தில் வேலை செய்யும் அக்கா தினமும் கிண்டல் செய்வார். இன்று காலையும் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"என்னப்பா, மேலிடத்துல இருந்து பதில் வந்துச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"ஃபைல் எங்கயாச்சும் மாட்டிக்கிச்சோ என்னவோ."

அதோடு நிறுத்திக்கொண்டார். எப்போதும் அங்கேதான் நிறுத்துவார்.

மதியம், கெட்டுப்போன லென்ஸுக்குப் பதில் வேறு எடுக்க ஸ்டோர் அறைக்குப் போனேன். அடுக்குகளுக்கு அந்தப் பக்கம் அக்கா தன் கணவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். புதுக் கிளை வரப்போகிற ஊரில்தான் அவர் கணவருக்கு வேலை. எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஒரு நாள்கூட அதை என் கேள்வியோடு சேர்த்துப் பார்த்ததில்லை.

"பாப்பாவுக்கு அங்க ஸ்கூல்ல அந்த இடத்தை இன்னும் கொஞ்ச நாள் பிடிச்சு வைக்கச் சொல்லுங்க. அவன் வேணாம்னாதான் அந்த வேலை எனக்குன்னு முதலாளி சொல்லிட்டாரு. இல்லங்க, நான் எப்படிக் கேக்கறது? சாமிகிட்ட கேட்டுக்கிட்டிருக்கான். அதுல போய் அவசரப்படுத்தக் கூடாது."

லென்ஸை எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

மாலை வகுப்பில் எதுவும் தலையில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். நன்றியும் சொல்லவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. எனக்குப் போகப் பிடிக்கவில்லை என்று மட்டும் கடவுளிடம் சொன்னேன். முதலாளி கேட்ட அன்றே எனக்குத் தெரியும். புது ஊர், எனக்குக் கீழே ஆட்கள், தவறு நடந்தால் நான்தான் பொறுப்பு. இதெல்லாம் எனக்கு வேண்டாம். அதை என் வாயால் சொன்னால் அம்மாவின் முகம் தொங்கிப்போகும். கடவுள் வேண்டாமென்றார் என்றால் தொங்காது. அந்த வார்த்தையை அவர் சொல்லட்டும் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். ஒரு குடும்பத்தையும் கூடவே காக்க வைத்திருக்கிறேன்.

இன்றும் பதில் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவேளை அக்கா பேசியதுதான் பதிலோ? அப்படியானால் வசதியாகப் போயிற்று, அக்காவுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாமே என்று உடனே தோன்றியது. அது தோன்றிய வேகம்தான் பயமாக இருந்தது. ஒளிந்துகொள்ள முதலில் கடவுள், இப்போது அக்கா. எது சரி என்று இன்னும் நிச்சயமில்லை. எது பொய் என்பது மட்டும் தெரிகிறது.

அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னடா, பதில் கிடைச்சுதா?"

"நான் போகலம்மா."

"சாமி சொல்லிடுச்சா?"

"இல்ல. நானாத்தான் சொல்றேன். எனக்கு பயமா இருக்கு."

அவள் முகம் நான் நினைத்தபடியேதான் ஆனது. உள்ளே போய்விட்டாள். சரியாகத்தான் செய்தேனா? எழுந்து நடந்தேன், மறுபடி உட்கார்ந்தேன்.

நாளை: கடை திறந்ததும் முதலாளியிடம், போக எனக்கு விருப்பமில்லை என்று சொல்ல வேண்டும். கடவுள் பெயரையும் அக்கா பெயரையும் இழுக்கக் கூடாது. பிறகு சீட்டை நன்றாகப் பார்த்து, தையல்காரரின் வலது லென்ஸைப் புதிதாக வெட்ட வேண்டும்.