பூசணியின் நான்கு பற்கள்

பூசணி என்பது ஒரு நீர்யானை. நிஜமான நீர்யானை இல்லை, ஃபைபரில் செய்தது. பொழுதுபோக்குப் பூங்காவின் வாசலைத் தாண்டிப் பத்தடி வைத்தால், வாயை ஆவென்று பிளந்துகொண்டு நிற்கும். வாய்க்குள் நான்கு பற்கள், ஒவ்வொன்றும் ஒரு சுரைக்காய் அளவு. ஆபீஸ் தாள்களில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. வேலையாட்கள் பூசணி என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

பூசணிக்கு ஒரு தாய் உண்டு. பழுதுபார்க்கும் பிரிவில் பதினெட்டு வருடமாக இருக்கும் பெயிண்டர் அக்காதான் அவள். அந்தப் பூங்காவில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. நேற்று வந்தவன் செய்த அசிங்கம் இன்று வருகிறவன் கண்ணில் படக்கூடாது. ஆகவே அக்கா காலை ஆறு மணிக்கே ஓட்டை அடைக்கும் பட்டி டப்பாவும் உப்புத்தாளும் பிரஷ்ஷுமாக வந்து, பத்து மணிக்கு கேட் திறப்பதற்குள் எல்லாவற்றையும் சுரண்டி, அடைத்து, தேய்த்து, பூசி முடித்துவிடுவாள்.

அசிங்கத்துக்குக் குறைவா என்ன? காதில் சூயிங்கம் ஒட்டுவார்கள். மூக்கு ஓட்டையில் ஐஸ்கிரீம் குச்சியைச் செருகுவார்கள். இரண்டடி தள்ளிக் குப்பைத்தொட்டி பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருக்க, பூசணியின் வாய்க்குள் குப்பையைப் போடுவார்கள். முதுகில் சாவியால் இதயம் கீறி அதில் அம்பு விடுவார்கள். ஏன் இப்படி என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "டிக்கெட் வாங்கிட்டுத்தானே வந்திருக்கோம்?"

போன ஞாயிற்றுக்கிழமை ஒரே குடும்பத்தில் பதினொரு பேர் படம் எடுக்கப் பூசணி மேல் ஏறினார்கள். அடிவயிற்றில் 'டப்' என்று ஒரு சத்தம். மறுநாள் அக்கா டார்ச்சோடு அடியில் குனிந்து புகுந்து பார்த்தாள். முன்னங்கால் தொடங்கிப் பின்னங்கால் வரை ஒரு விரிசல். பதினெட்டு வருடப் பட்டிக்கு நடுவில் ஃபைபர் என்று பேருக்குத்தான் கொஞ்சம் மிச்சம். இன்னொரு தடவை அப்படி ஏறினால் பூசணி இரண்டு துண்டு. பள்ளி விடுமுறைக்கோ இன்னும் இரண்டே வாரம்.

மேனேஜரிடம் ஓடினாள்.

"சார், பூசணியச் சுத்தி ஒரு கம்பி வேலி வேணும் சார். லீவு விடறதுக்குள்ள."

"எதுக்கும்மா வேலி? நான் தினமும் பத்து மணிக்கு அந்தப் பக்கம்தான் வர்றேன். புது மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு நிக்குது. சேதம் எங்கே இருக்கு?"

"அதைத்தான் நான் காலையிலயே சரி பண்ணிடறேனே சார்."

"அப்போ சேதம் இல்லேன்னுதானேம்மா அர்த்தம்?"

அக்கா பட்டறைக்கு வந்து பொத்தென்று உட்கார்ந்தாள். அங்கே வெல்டர் இருந்தான். அக்காவின் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்த தம்பி.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. இதுல குத்தவாளியே நீங்கதான்."

"நானாடா?"

"பின்னே? தப்பை எல்லாம் நீங்களே தொடைச்சிட்டா யாருக்குத் தெரியும்? மேனேஜர் இன்னிக்கு வெளியூர் போறார். வெள்ளிக்கிழமை காலையில முதலாளியையே கூட்டிக்கிட்டுத்தான் வருவாராம். அதுவரைக்கும் கை வைக்காதீங்க. பூசணி எப்படி இருக்கோ அப்படியே முதலாளி பார்க்கட்டும்."

"முகம் கழுவாம பிள்ளையப் பள்ளிக்கூடம் அனுப்பற மாதிரி இருக்குமேடா."

"வேலி வேணுமா, வேண்டாமா?"

வேலி வேண்டும். அக்கா டப்பாவை மூடினாள்.

செவ்வாய்க்கிழமை பூசணிக்கு மீசை முளைத்தது. மார்க்கர் பேனா மீசை, நன்றாக முறுக்கி விட்டது. புதன்கிழமை ஒரு அப்பா தன் குழந்தையைத் தூக்கிப் பிடித்து, "உன் பேரைப் பெருசா எழுது கண்ணு" என்றார். குழந்தைக்கு இன்னும் எழுத்தே தெரியாது. கத்திரிக்காய் போல எதையோ கீறியது. அப்பா பெருமையோடு அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். வியாழக்கிழமை ஒரு இளைஞன், தன் தோழி பார்க்கவேண்டும் என்று, பூசணியின் மேல்பல்லைப் பிடித்துத் தொங்கி உடற்பயிற்சி செய்தான். பல் கையோடு வந்துவிட்டது. இடமும் வலமும் பார்த்தான். பக்கத்துப் புதருக்குள் பல்லைத் தள்ளிவிட்டு, வானத்தைப் பார்த்தபடி நடந்தான். மத்தியானத்துக்குள் இன்னொரு பல்லும் புதருக்குப் போயிற்று.

சாக்லேட் அப்பிய பிள்ளையின் கையைப் பூசணியின் காதில் துடைத்துவிட்டு ஒரு பெண்மணி சொன்னாள்: "ச்சே, எவ்வளவு அழுக்கா வச்சிருக்காங்க பாரேன். பராமரிப்பே கிடையாது."

இதையெல்லாம் பார்த்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கை நமநமவென்று அரித்தது. வீட்டில் கதவு நிலையை உப்புத்தாளால் தேய்த்தாள். கைகழுவும் தொட்டியின் கீறலை அடைத்தாள். வீட்டுக்காரர் காலை வெளியே நீட்டாமல் போர்வைக்குள் சுருட்டிக்கொண்டார். "குதிகால்ல வெடிப்பு இருக்கு. உன் அண்ணி பார்த்தா பட்டி வச்சிடுவா" என்று தம்பியிடம் போனில் சொன்னாராம்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அக்கா பூசணியைச் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனாள். சத்தியமாகச் சும்மா பார்க்கத்தான். மீசையைப் பார்த்தாள். மீசையை மட்டும் துடைப்போம் என்று நினைத்தாள். மீசை போனதும் சூயிங்கம் கண்ணை உறுத்தியது. சூயிங்கம் போனதும் கத்திரிக்காய். அப்புறம் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது, மனசு எங்கேயோ இருந்தது. பல் இரண்டையும் புதரிலிருந்து எடுத்துக் கழுவி, பட்டி வைத்து ஒட்டி, பெயிண்டும் அடித்துவிட்டாள்.

ஒன்பதரைக்கு வந்த வெல்டர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அண்ணி! என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

அக்கா அப்போதுதான் பூசணியை முழுதாகப் பார்த்தாள். புது மாப்பிள்ளையேதான்.

"ஐயோ! கை தன்னால போயிடுச்சுடா!"

குனிந்து டப்பாவை எடுத்தவள் அப்படியே நின்றாள். பட்டியில் கலந்தால்தான் இறுகும் என்கிற ஹார்டனர் ட்யூப், திறக்கவே படாமல் உள்ளே கிடந்தது. பதினெட்டு வருடத்தில் ஒரு நாளும் அவள் அதை மறந்ததில்லை. பூசணியின் இரண்டு பற்களும் வெண்ணெயில் குத்திய குச்சி மாதிரி நின்றுகொண்டிருந்தன.

தொட நேரமில்லை. மேனேஜரும் முதலாளியும் வந்துவிட்டார்கள். அண்ணியும் கொழுந்தனும் பலூன் கடைக்குப் பின்னால் பதுங்கினார்கள்.

"பாருங்க சார், ஒரு கீறல் இல்லை. நம்ம விருந்தாளிங்க அவ்வளவு நாகரிகமானவங்க" என்றார் மேனேஜர். உடனே அவருடைய போன் அடித்தது, திரும்பிக்கொண்டார்.

முதலாளி பூசணியின் தாடையைச் செல்லமாகத் தட்டினார். பிறகு பல்லைத் தொட்டார். பழுத்த பழம்போல அது உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. பதறிப்போய் அதைத் திரும்பச் செருகப் பார்த்தார், இரண்டாவதும் கழன்றது. இடமும் வலமும் பார்த்தார். இரண்டு பற்களையும் புதருக்குள் தள்ளிவிட்டு, வானத்தைப் பார்த்தபடி நடக்கத் தொடங்கினார்.

"அண்ணி, அதே புதர்!" என்றான் வெல்டர்.

அக்கா புதருக்கும் முதலாளிக்கும் நடுவில் போய் நின்றாள். "சார், பல்லு..."

"சும்மா தொட்டேன்மா. என் பூங்காதானே?" என்றவர் தன் கையைப் பார்த்தார். பத்து விரலிலும் பட்டி அப்பியிருந்தது. "இது போகுமா?"

"போகும் சார். தின்னர் வச்சுத் துடைக்கணும். அசையாம நில்லுங்க."

ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே அக்கா உண்மையைச் சொன்னாள். ஹார்டனர் மறந்தது தன் தப்பு என்றும் சொன்னாள், அடிவயிற்று விரிசலையும் சொன்னாள். முதலாளிக்குக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. ஏழாவது விரலுக்கு வந்தபோது கேட் திறந்தது.

ஒரு பெரிய குடும்பம் நேராகப் பூசணியிடம் வந்தது. "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழறீங்க" என்று முதலாளியை ஒதுக்கிவிட்டு, மாமா, சித்தப்பா, பிள்ளைகள் என்று மளமளவென்று ஏறியது.

"இறங்குங்க! யாரைக் கேட்டு ஏறினீங்க?" என்று கத்தினார் முதலாளி.

"நீங்க யாரு கேட்க? டிக்கெட் வாங்கிட்டுத்தானே வந்திருக்கோம்?"

'டப்.'

முதலாளி யோசிக்கவே இல்லை. குனிந்து பூசணியின் அடிவயிற்றுக்குள் புகுந்து, முதுகால் முட்டுக் கொடுத்தார்.

"யாரும் குதிக்காதீங்க!" என்றாள் அக்கா. "குழந்தைங்க முதல்ல. மாமா, நீங்க கடைசி. நல்லாச் சாப்பிட்ட உடம்பு, ஆடாம உட்காருங்க."

மாமாவும் இறங்கி, வெல்டர் ஜாக்கியோடு ஓடி வரும்வரை முதலாளி வயிற்றுக்கடியில் வியர்த்து விறுவிறுத்து நின்றார். அங்கிருந்தே கத்தினார்: "யோவ் மேனேஜர்! வேலி போடு! இன்னிக்கே!"

"எவ்வளவு உயரம் சார்?" என்று போனும் கையுமாக ஓடி வந்தார் மேனேஜர்.

"உன் மாமியாரே வந்தாலும் ஏற முடியாத உயரம்!"

அன்றைக்குச் சாயங்காலமே வெல்டர் வேலியை நட்டுவிட்டான். மறுநாளிலிருந்து அக்கா வேலிக்குள்ளே நிம்மதியாக உட்கார்ந்து, புது ஃபைபர் துணி ஒட்டி அடிவயிற்றைச் செப்பனிட்டாள். வெளியே கூட்டம் கம்பியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

"அப்பா, அந்த அக்காவும் பொம்மையா?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"இல்லடா, ஆபரேஷன் பண்றாங்க" என்றார் அப்பா. "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்களேன், ஒரு படம்."

அக்கா கன்னத்துப் பெயிண்டைத் துடைத்துக்கொண்டு, பூசணியின் வயிற்றில் ஒரு கையை வைத்து, திரும்பிச் சிரித்தாள்.